மழை விடுமுறைக்கு எழுதிய குறிப்பு

புதிதாக வேலைக்குச் சேர்ந்த நீங்கள் எல்லாரும் என்னைப் பார்க்க வரும்போது கேட்பது ஒன்றுதான். "மேடம், மேலதிகாரிக்குக் குறிப்பு எப்படி எழுதறது? ஒரு மாடல் இருந்தா கொடுங்க." என்னிடம் மாடல் எதுவும் இல்லை. ஓய்வு பெற்ற அன்று சால்வை, வெள்ளி விளக்கு, மூக்குக் கண்ணாடி இவற்றைத்தான் வீட்டுக்கு எடுத்துப்போனேன். ஒரே ஒரு மழைக்காலக் கதை மட்டும் இருக்கிறது. அதைச் சொல்கிறேன். உங்களுக்கு வேண்டியதை நீங்களே அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் உங்களை ஒன்று கேட்கிறேன். நீங்கள் எழுதுகிற குறிப்பை அதிகாரி எங்கே வைத்துப் படிப்பார் என்று யோசித்திருக்கிறீர்களா? மேஜையில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படிப்பார் என்றுதான் நானும் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் எழுதியதிலேயே உருப்படியான குறிப்பைக் கலெக்டர் படிக்கவே இல்லை. மழையில் நின்ற ஜீப்புக்குள், விட்டுவிட்டுக் கேட்கும் ஃபோனில், காதால்தான் கேட்டார்.

அப்போது நான் திருப்பூர் மாவட்டத்தின் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் தாசில்தார். பெயர்தான் பெரிது. மழை வந்தால் ஃபோன் எடுப்பது, வராவிட்டால் மழை வந்தால் என்ன செய்வது என்று கூட்டம் போடுவது, இதுதான் வேலை. என்னோடு பிரிவில் ஜமால் இருந்தார். தாராபுரத்துக்காரர். மாவட்டத்தின் எந்த ஓடை எந்தக் குளத்தில் போய் விழுகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். எங்களுக்கு மேலே மாவட்ட வருவாய் அலுவலர். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலமே இருந்தது அவருக்கு. எங்களைவிட அதிக மழை பார்த்தவர். எல்லாருக்கும் மேலே, வந்து சில வாரங்களே ஆகியிருந்த கலெக்டர். வடக்கே இருந்து வந்தவர். பயிற்சியில் கற்ற தமிழை இலக்கணம் பிசகாமல் பேசுவார். எங்கள் ஊருக்கு வந்த பிறகு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கடைசியில் ஒரு 'ங்க' சேர்க்கப் பழகிக்கொண்டார். "இந்தக் கோப்பு எங்கே உள்ளதுங்க?" என்று அவர் கேட்கும்போது சிரிப்பை அடக்குவது எங்களுக்குத் தனி வேலை.

ஐப்பசி மாதம். ரெண்டு நாளாக விடாத மழை. மேற்கே மலையில் கொட்டியதில் அமராவதி அணை நிரம்பி ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். கலெக்டர் மதியமே அணைப் பக்கம் கிளம்பிப் போய்விட்டார். இங்கே திருப்பூரில் நொய்யலிலும் தண்ணீர் வரத்து இருந்தது. ஆனால் கரைக்குள்ளேதான் போய்க்கொண்டிருந்தது.

மாலையில் எல்லா ஃபோன்களும் ஒரே கேள்வியைக் கேட்க ஆரம்பித்தன. நாளைக்கு ஸ்கூல் லீவா?

பக்கத்து மாவட்டங்களில் ஏற்கெனவே லீவு விட்டுவிட்டார்கள். டிவிக்காரர்கள் கேட்டார்கள். தனியார் பள்ளிக்காரர்கள் கேட்டார்கள். எல்லாருக்கும் மேலாகப் பிள்ளைகள் கேட்டார்கள். கலெக்டருடைய சமூக வலைத்தளப் பக்கம் முழுக்க அவர்களுடைய மனுக்கள்தான். 'சார் நீங்க ரொம்ப நல்லவர் சார்' என்று ஆரம்பித்த மனு. 'எங்க தெருவுல கப்பல் விடலாம் சார்' என்று ஒரு மனு. கழுத்தளவு தண்ணீரில் ஆட்கள் நடக்கும் படத்தைப் போட்டு 'எங்க ஏரியா சார்' என்று ஒரு பையன். ஜமால் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் காட்டினார். "அக்கா, கடை போர்டு மலையாளத்துல இருக்குதுங்க." நானும் அவரும் அந்த நெருக்கடியிலும் சிரித்தோம். அந்தப் பையன் இப்போது உங்கள் நடுவிலேயே எங்காவது உட்கார்ந்திருந்தாலும் ஆச்சரியம் இல்லை.

கலெக்டர் ஃபோனில் வந்தார். கொமரலிங்கம் பக்கம் ஆற்றங்கரையில் நிற்பதாகவும், தாராபுரம் வழியாகத் திரும்பி வரப்போவதாகவும் சொன்னார். இருட்டுவதற்குள் அறிவித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தாய்மார்கள் காலை வரை தவிப்பார்கள், அதற்குள் நாளைய விடுமுறை பற்றி ஒரு குறிப்பு தயார் செய்யுங்கள் என்றார்.

ஜமால் உட்கார்ந்து எழுதினார். வேகமான கை அவருடையது. கொஞ்ச நேரத்தில் பக்கம் பக்கமாகத் தயாராகிவிட்டது. ஒவ்வொரு மழைமானி நிலையத்திலும் பெய்த மழை, அணையின் நீர்மட்டம், விடுமுறை விடும் அதிகாரம் எந்த ஆணையின்படி யாருக்கு இருக்கிறது, முன்பு எப்போதெல்லாம் விட்டார்கள், எல்லாம் இருந்தன. ஒரு எழுத்தும் தப்பு இல்லை. கடைசி வரி நம் எல்லாருக்கும் மனப்பாடமான வரி: 'தக்க ஆணைக்காகப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது.'

"ஜமால், இதைப் படிச்சுட்டு சார் என்ன பண்ணுவாரு?" என்று கேட்டேன்.

அவர் தான் எழுதியதை ஒருமுறை புரட்டிப் பார்த்தார். "நமக்கு ஃபோன் பண்ணி, 'என்ன பண்ணலாம் ஜமால்'னு கேப்பாருங்க்கா."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அத்தனையும் சரியான தகவல். ஆனால் முடிவு எடுக்கும் சுமையை அப்படியே தூக்கி மேலே வைத்துவிட்டு நாம் கை கழுவிக்கொள்கிற குறிப்பு. அந்த நேரத்தில் கலெக்டருக்கு வேண்டியது நிலையம் வாரியாக மழை அளவு இல்லை. எங்கே பள்ளி நடந்தால் ஒரு பிள்ளைக்கு ஆபத்து, எங்கே நடக்காவிட்டால் ஆபத்து என்பதுதான். உண்மையைச் சொன்னால், இரண்டாவது பாதி அப்போது எனக்கே தோன்றவில்லை. விடுமுறையில் என்ன ஆபத்து இருக்க முடியும் என்றுதான் நினைத்தேன்.

முதல் பாதிக்கு ஆள் ஆளுக்கு ஃபோனை எடுத்துத் தெற்கே அமராவதிக் கரை ஊர்களைக் கூப்பிட்டோம். கொமரலிங்கம் பக்கத்துக் கிராம நிர்வாக அலுவலர் ஒருவர், நல்ல விவரமான ஆள், ஆற்றுப் பக்கத்திலிருந்தே பேசினார். பின்னால் தண்ணீர் இரைச்சல் கேட்டது.

"மேடம், தரைப்பாலம் முங்கிருச்சுங்க. ஸ்கூல் வேன் போற ரோட்டுல வாய்க்கா தண்ணி குறுக்க ஓடுது. இன்னைக்குப் பாத்தா முழங்காலுக்குத்தான் இருக்குது, டிரைவரு போயிரலாமுன்னுதான் நெனைப்பான். அடியில மண்ணு இருக்குதா இல்லையான்னு யாருக்கும் தெரியாதுங்க."

மடத்துக்குளம், உடுமலை, தாராபுரம் என்று எங்கே கேட்டாலும் இதே நிலைமைதான். அங்கே லீவு விட வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லாமல் போனது. 'மாவட்டம் முழுக்க லீவு விட்டுடலாம்' என்று நான் பேனாவை எடுத்தபோதுதான், திருப்பூர் நொய்யல் கரைப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை ஃபோன் செய்தார். அவரை எங்கள் அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். கழிப்பறைக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் மனு கொடுத்துக் கொடுத்து, வாங்காமல் விடாதவர். அவர் வருகிறார் என்றாலே கோப்பைத் தேடி எடுத்து வைத்துக்கொள்வோம்.

"ஏனுங் தாசில்தாரம்மா, லீவு உடப் போறீங்களாமா?"

யோசித்துக்கொண்டிருக்கிறோம் என்றேன்.

"யோசிக்கறதுன்னா இதையும் சேத்தி யோசிங்க. எங்க புள்ளைகளுக்கு அப்பனும் ஆத்தாளும் ரெண்டு பேருமே பனியன் கம்பெனிக்குப் போறவீங்க. கம்பெனி லீவு உடாது. காலையில ஊட்டைப் பூட்டிச் சாவியப் புள்ளை கையில குடுத்துப்போட்டுப் போயிருவாங்க. வரிசையா ஒட்டிக் கட்டுன லைன் ஊட்டுக்குப் பின்னாலயே ஆறு. தண்ணி வருதுன்னா வேடிக்கை பாக்காம இருக்கும்ங்களா? பள்ளிக்கூடம் மேட்டுல இருக்குது. காலையில டிபன், மத்தியானம் சோறு முட்டை. என்ற புள்ளைகளுக்கு இன்னைக்கு இதைவிட பத்திரமான எடம் ஊருக்குள்ள இல்லீங்க."

ஃபோனை வைத்த பிறகு, எடுத்த பேனாவை மூடி வைத்தேன். விடுமுறை என்றால் பிள்ளை வீட்டில் அம்மா பக்கத்தில் இருக்கும் என்று எனக்குள் ஒரு படம் இருந்தது. அந்தப் படம் எந்த ஊருடையது? திருப்பூரில் இவ்வளவு காலம் இருந்துகொண்டு, காலை எட்டரைக்குத் தெருக்களில் பெரியவர்களே இருக்க மாட்டார்கள் என்று தெரிந்துகொண்டு, லீவு என்றதும் அந்தப் படத்தைத்தான் மனசு எடுத்து மாட்டியது.

ஒரு தலைமையாசிரியை சொல்லிவிட்டார் என்பதற்காக அப்படியே எழுதிவிட முடியாது. அது அவருடைய பள்ளி, அவருடைய கவலை. ஜமால் ஆற்றோரமும் நகரத்துக்கு உள்ளேயும் இருக்கிற வேறு சில பள்ளிகளுக்குப் பேசினார். சில இடத்தில் இதே கதை. பழைய குடியிருப்புப் பக்கத்துப் பள்ளிகளில், வீட்டில் யாராவது பெரியவர்கள் இருப்பார்கள், லீவு விட்டாலும் விடாவிட்டாலும் ஒன்றுதான் என்றார்கள். நான் எனக்குத் தெரிந்த ஒரு பனியன் கம்பெனி மேனேஜருக்கு ஃபோன் போட்டு, மழைக்கு நாளைக்கு யாராவது கம்பெனி லீவு விடுவார்களா என்று கேட்டேன். "ஷிப்மெண்ட் டைமுங்க மேடம். பவர் இருக்கற வரைக்கும் தையல் லைன் ஓடுமுங்க" என்றார். அவர் சொன்ன அந்த ஒரு வரி, ஜமால் எழுதிய எல்லாப் பக்கங்களையும்விட எனக்கு உதவியது.

இப்போது வருவாய் அலுவலரிடம் போய் நின்றேன். தெற்கே லீவு, வடக்கே பள்ளி என்று பிரித்து எழுதலாம் என்று நினைக்கிறேன் என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கோபப்படும் மனிதர் இல்லை. ஆனால் அன்று முகம் இறுகிப்போயிருந்தது.

"லீவு விட்டதுக்காக எந்த அதிகாரிகிட்டயும் யாரும் விளக்கம் கேட்டதில்லைங்கம்மா," என்றார். "விடாமப் போயி, நாளைக்கு ஒரு புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அது நம்ம சாகற வரைக்கும் நம்மகூடவே வரும். நான் பாத்திருக்கறேன்."

என்ன பார்த்தார் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் பயந்து பேசவில்லை, பட்டுப் பேசுகிறார் என்று குரலிலேயே தெரிந்தது. அவர் சொல்வதைத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. ராத்திரி நொய்யலின் மேல்பக்கம் மழை கொட்டினால் அவர் சொன்னதுதான் சரி. கொட்டாவிட்டால் தலைமையாசிரியை சொன்னது சரி. இரண்டு பேருமே பிள்ளைகளைப் பற்றித்தான் பேசினார்கள்.

"நீங்க சொல்றதையும் நோட்டுல எழுதறேன் சார். உங்க பேரு போட்டே எழுதறேன்," என்றேன்.

"எழுதி?"

"நான் வேற பரிந்துரை பண்றேன்னும் எழுதறேன்."

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "சரிங்க, எழுதுங்க. நான் படிச்சுட்டுத்தான் அனுப்போணும்," என்றார்.

சீட்டில் உட்கார்ந்து முதல் வரியை எழுதி அடித்தேன், மறுபடி எழுதி அடித்தேன். பொய் சொல்ல மாட்டேன். 'ஆணைக்காகப் பணிந்து' என்று எழுதுகிறவரைக்கும் நமக்குத் தூக்கம் கெடாது. 'இப்படிச் செய்யலாம்' என்று எழுதிய உடனே அந்தப் பிள்ளைகள் எல்லாம் நம் மடியில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். எழுதினேன். இப்படித்தான் இருந்தது:

'மடத்துக்குளம், உடுமலை, தாராபுரம் தாலுகாக்களில் நாளை பள்ளிகளுக்கு விடுமுறை விடலாம். மற்ற தாலுகாக்களில் பள்ளிகள் நடக்கலாம்.

தெற்கே பிள்ளைகள் பள்ளிக்கு வரும் வழியில் வெள்ளம் ஓடுகிறது. திருப்பூர் ஆற்றோரத்தில் வழி பத்திரம். ஆனால் விடுமுறை விட்டால், பெற்றோர் இருவரும் வேலைக்குப் போய்விடுவதால், பல பிள்ளைகள் ஆற்றை ஒட்டிய வீடுகளில் தனியாக இருப்பார்கள்.

மாவட்டம் முழுவதும் விடுமுறையே பாதுகாப்பானது என்று வருவாய் அலுவலர் கருதுகிறார். இரவில் நொய்யலில் வெள்ளம் கூடினால் ஆற்றைக் கடந்து வரும் பிள்ளைகளுக்கு ஆபத்து என்பது அவர் கவலை. அது நியாயமானது.

நொய்யலின் மேல்பக்கம் இரவு எவ்வளவு மழை பெய்யும் என்று இப்போது தெரியாது. விடியும்போது தகவல் வரும். நீர் கூடியிருந்தால், தரைப்பாலங்களை உடனே அடைத்து, அக்கரைப் பிள்ளைகளை வர வேண்டாம் என்று சொல்லி, இக்கரைப் பிள்ளைகளுக்காகப் பள்ளிகளைத் திறந்தே வைக்கலாம்.'

அவ்வளவுதான். வருவாய் அலுவலர் நின்றபடியே படித்தார். தன்னைப் பற்றிய வரியை ரெண்டாவது தடவையும் படித்த மாதிரி இருந்தது. "என் கட்சிய நானே சொல்லியிருந்தாக்கூட இப்படிச் சொல்லியிருக்க மாட்டனுங்க," என்று கையெழுத்துப் போட்டார். ஒத்துக்கொண்டு போட்ட கையெழுத்து இல்லை அது. ஆனால் தன் பேச்சு மேலே போகிறது என்ற நிம்மதி அதில் இருந்தது. உங்களுக்கு ஒத்துவராத கருத்தை எழுதும்போது, அந்தக் கருத்துக்காரர் பக்கத்தில் நின்று படிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள். எனக்கு அன்று நிஜமாகவே நின்றார்.

குறிப்பை ஃபோனில் அனுப்பினோம். போகவில்லை. தாராபுரம் தாண்டி சிக்னல் இல்லை. திரும்பத் திரும்ப அனுப்பினோம். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. திடீரென்று கலெக்டரே கூப்பிட்டார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

"மேடம், குறிப்பு வரவில்லைங்க. நீங்கள் படியுங்கள்."

படித்தேன். முதல் பத்தி முடிந்தது. இரண்டாவது பத்தியில் 'தனியாக' என்று சொல்லும்போது ஃபோன் கட்டாகிவிட்டது.

ஜமால் லேண்ட்லைனிலும் என் ஃபோனிலும் தன் ஃபோனிலுமாக மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். என்ன கேட்டிருப்பார், எதுவரைக்கும் கேட்டிருப்பார்? பழைய பாணியில் மழைமானி அளவிலிருந்து ஆரம்பித்திருந்தால், இந்நேரம் அவருக்குக் கிடைத்திருப்பது ரெண்டு நிலையத்தின் மழை அளவுதான் என்று தோன்றியது. அதை ஜமாலிடம் சொல்லவில்லை. அவருக்கும் அதேதான் தோன்றியிருக்கும்.

கொஞ்ச நேரம் கழித்துப் புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. சாலையோர பேக்கரிக்காரர் ஒருவருடைய ஃபோனை வாங்கிப் பேசினார் கலெக்டர்.

"மூன்று தாலுகாவுக்கு விடுமுறை, மற்ற இடத்தில் பள்ளி. காரணமும் கேட்டதுங்க. ஒரு கேள்வி மட்டும். நாம் தவறு என்றால் நமக்கு எப்போது தெரியும்?"

கண்ணுகளா, முடிவு எடுக்கிற எந்த அதிகாரியும் மனசுக்குள் கேட்கிற கேள்வி இதுதான். சிலர் வாய்விட்டுக் கேட்பார்கள், பலர் கேட்க மாட்டார்கள். நான் கடைசிப் பத்தியைப் படித்தேன். வருவாய் அலுவலர் கருத்தையும் படித்தேன்.  பேக்கரியில் யாரோ தேங்காய் பன் கேட்கிற சத்தம் கேட்டது.

"சரிங்க. அறிவித்துவிடுங்கள்," என்றார்.

அறிவித்தோம். மடத்துக்குளத்துப் பிள்ளைகள் கலெக்டரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். திருப்பூர்ப் பிள்ளைகள் அவரை என்னவெல்லாம் சொன்னார்கள் என்பதை இங்கே எழுத முடியாது. 'மழை பெய்தால் லீவு விடத் தெரியாத கலெக்டர் எதற்கு' என்று ஒரு கேள்வி. அந்த மலையாள போர்டுப் பையன் மட்டும் நிதானமாக, 'பரவாயில்லை சார், அடுத்த தடவை பார்த்துக்கலாம்' என்று எழுதியிருந்தான்.

விடியும்போது தகவல் வந்தது. மேல்பக்கம் நல்ல மழை. நொய்யலில் நீர் கூடிவிட்டது, பள்ளி தொடங்குவதற்குள் தரைப்பாலங்களைத் தொடும் என்றார்கள்.  கலெக்டருக்குச் சொன்னேன். அவர் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. "குறிப்பில் இருப்பதுபோலச் செய்யுங்கள்," என்றார். அன்று காலை கூட்டம் இல்லை, ஆலோசனை இல்லை. யாரும் யாரையும் எழுப்பி என்ன செய்யலாம் என்று கேட்கவில்லை. முந்தின நாள் நிதானமாக இருந்தபோதே யோசித்து எழுதி வைத்ததை, பதற்றமாக இருந்த காலையில் வெறுமனே செய்தோம். தரைப்பாலங்களில் போலீஸ் நின்று அடைத்தார்கள். பள்ளிகளுக்குத் தகவல் போனது.

பள்ளி தொடங்கும் நேரத்துக்குக் கொமரலிங்கத்திலிருந்து அந்தக் கிராம நிர்வாக அலுவலர் கூப்பிட்டார்.

"மேடம், நேத்து சொன்னனுங்களே, வேன் போற ரோடு. இப்பத்தான் பாத்துட்டு வர்றனுங்க. நடுவுல அப்படியே உள்வாங்கிக் கெடக்குதுங்க. வேன் வர்ற நேரம் இது."

வேன் அன்று எங்கேயோ ஷெட்டில் நின்றுகொண்டிருந்தது. நான் அந்தச் செய்தியை வருவாய் அலுவலரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒருக்கா போயிட்டு வந்தரலாமுங்களா?" என்றார். எந்தப் பள்ளி என்று சொல்லத் தேவையிருக்கவில்லை.

போனோம். தலைமையாசிரியை வாசலிலேயே நின்றார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. எடுத்த எடுப்பில் எனக்கு அர்ச்சனை. "பள்ளிக்கூடம் உண்டுன்னு சொன்னீங்க, செரி. என்ற டீச்சருக பாதிப் பேரு தாராபுரத்திலிருந்து பஸ்ஸுல வர்றவீங்க. அங்க ரோடே இல்லை. யாருங்க பாடம் நடத்தறது? அடுத்த தடவை நோட்டு எழுதறப்ப இதையும் எழுதுங்க."

அது எனக்குத் தோன்றவே இல்லை. ஜமாலுக்கும் தோன்றவில்லை, குறிப்பைப் படித்துக் கையெழுத்துப் போட்ட வருவாய் அலுவலருக்கும் தோன்றவில்லை. எவ்வளவு நல்ல குறிப்பிலும் ஒரு ஓட்டை இருக்கும். அன்று அந்த ஓட்டை வழியாக உள்ளே வந்தது வெறும் சந்தோஷம்தான். இருந்த ரெண்டு மூன்று டீச்சர்களும் எல்லா வகுப்பையும் ஹாலில் ஒன்றாக உட்காரவைத்திருந்தார்கள். பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையன் தன் ஊர்ப் பாட்டைக் கற்றுக்கொடுக்க, ஹாலே அர்த்தம் தெரியாமல் பாடிக்கொண்டிருந்தது. சமையலறையிலிருந்து சேமியா உப்புமா வாசம்.

பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினார் தலைமையாசிரியை. கீழே லைன் வீடுகளின் சந்தில் தண்ணீர் ஏறியிருந்தது. கலங்கலாக, சத்தம் இல்லாமல், பூட்டிய கதவுகளின் பாதி உயரத்துக்கு நின்றது. சந்தில் ஒரு மனிதர் இல்லை. ஒரு பிளாஸ்டிக் குடம் மட்டும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

வருவாய் அலுவலர் சுவரைப் பிடித்தபடி ரொம்ப நேரம் அதையே பார்த்தார். "எம் பேச்சைக் கேட்டிருந்தா இதுக பூரா அங்கதான் இருந்திருக்கும்," என்றார் மெதுவாக.

நான் சொன்னேன், "உங்க பேச்சைக் கேட்கலைன்னா பாலத்த அடைக்கணும்னு எனக்கு எழுதத் தோணியிருக்காது சார்." அவரைத் தேற்றுவதற்காகச் சொன்னது இல்லை. அந்தக் கடைசிப் பத்தி அவருடைய கவலையிலிருந்துதான் வந்தது. குறிப்பில் பாதியை அவர்தான் எழுதினார், அவருக்கே தெரியாமல். அவர் சுவரிலிருந்து கையை எடுத்தார். திரும்பி ஹாலுக்குள் போய், பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து ஒரு தட்டு உப்புமா வாங்கிச் சாப்பிட்டார். அதைப் பார்த்தபோதுதான் எனக்கும் பசி எடுத்தது.

மாலையில் மழை விட்டது. கம்பெனி வேன்கள் பெரிய பாலம் வழியாகச் சுற்றி வந்து பள்ளி வாசலில் தாய்மார்களை இறக்கிவிட்டன. தலையிலும் தோளிலும் பஞ்சுத் துகள் ஒட்டியபடி, வீடு முங்கியதைக் கேள்விப்பட்ட முகத்தோடு ஓடி வந்தார்கள். பிள்ளையைப் பார்த்ததும் சிலர் கட்டிக்கொண்டார்கள், சிலர் எதற்கென்றே தெரியாமல் முதுகில் ஒன்று வைத்தார்கள். அன்று ராத்திரி தங்க மேல்மாடி வகுப்பறைகளைத் திறந்துவிட ஏற்பாடு ஆகிக்கொண்டிருந்தது. கலெக்டரும் அப்போதுதான் வந்து சேர்ந்தார், கால்சட்டையெல்லாம் சேறு.

மூன்றாவதோ நாலாவதோ படிக்கும் ஒரு சிறுமி அம்மா கையை விட்டுவிட்டு நேராக அவர் முன்னால் வந்து நின்றாள்.

"நீங்கதான் லீவு உடாத கலெக்டருங்களா?"

"ஆமாங்க," என்றார் அவர், மிகவும் மரியாதையாக.

"நாளைக்கு லீவு உடுங்க. எங்கம்மா கம்பெனியில கரண்டு இல்லை, நாளைக்கு அம்மா எங்கூடவே இருக்கும். நாளன்னிக்கு வேண்டாமுங்க. நாளைக்கு மட்டும் போதும்."

கலெக்டர் என் பக்கம் திரும்பினார். என்ன வேண்டும், ஏன் வேண்டும், எதுவரைக்கும் வேண்டும், மூன்றையும் அவள் சொல்லிவிட்டாள். ஒரு சொல் கூடுதலாக இல்லை. "மேடம், இந்தக் குழந்தையை உங்கள் பிரிவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்ங்க," என்றார். சுற்றி நின்ற தாய்மார்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

பிறகு அவர் அவளுக்குச் சமமாகக் குந்தி உட்கார்ந்தார். வெள்ளம் வடிந்துகொண்டிருக்கிறது, அவள் அம்மாவுக்கு வேலை இல்லை என்பது மட்டும் எல்லாருக்கும் லீவு விடப் போதாது, அதனால் முடியாது என்று, பெரிய ஆளிடம் பேசுவதுபோலக் காரணத்தோடு சொன்னார். அவள் முழுக்கக் கேட்டாள். முகம் கொஞ்சம் வாடியது. ஆனால் அழவில்லை.

"செரிங்க," என்றாள். "நான் கேட்டனுங்கில்ல."

அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். மறுநாள் நல்ல வெயில். பள்ளி நடந்தது. அந்த அம்மா மாடியில் ஈரத் துணிகளைக் காயப்போட்டுவிட்டு, மதியம் வரை வகுப்பறை ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து மகள் படிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தலைமையாசிரியை எனக்கு ஃபோனில் சொன்னார்.